துகளின் அளவு என்பது எந்த அளவு?

மரத்தச்சர்கள் பலகைகளை ஒட்டப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, டப்பாவில் இருக்கும்போது எருமைப்பால்போல் கெட்டியான வெண்மையுடன் இருந்து, பூசிக் காய்ந்தபின் கண்ணாடிபோல் தெளிந்துவிடுவது பலரும் கண்டதே. அந்த வெண்மை சாயத்தால் வந்ததன்று. நீரில் மிதக்கும் எண்ணற்ற நுண்துகள்கள் தம்மீது விழும் ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால் வருவது. நீர் ஆவியாகி, துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமானதும், ஒளியைச் சிதறடிக்கும் எல்லைகள் இல்லாமற்போய் வெண்மையும் மறைகிறது. பாலிமர் எனப்படும் பலபடி என்பது, சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பெரிய மூலக்கூறு. அச்சங்கிலிகள் பல சுருண்டு ஒரு மணியாகத் திரண்டதே பலபடித் துகள். குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் விடியற்காலையில் வெட்டி வடிக்கும் பாலும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அதை மரம் செய்கிறது, பசையையும் எமல்ஷன் பெயின்டின் பிணைப்பானையும் தொழிற்சாலை செய்கிறது என்பதே வேறுபாடு.

இத்தகைய துகள்களின் குறுக்களவு சில பத்து நானோமீட்டரிலிருந்து சில நூறு நானோமீட்டர் வரை இருக்கும்போது அவை பலபடி நானோதுகள்கள் என்று வழங்கப்படுகின்றன. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். 100 நானோமீட்டர் குறுக்களவுள்ள பாலிஸ்டைரீன் மணிகளை எடைக்கு ஒரு சதவீதம் என்ற விகிதத்தில் நீரில் கலந்தால், அக்கலவையின் ஒரு மில்லிலிட்டரில் மட்டும் சுமார் 18 லட்சம் கோடி மணிகள் இருக்கும். இவ்வளவு பெரிய கூட்டத்தில், ஒவ்வொன்றும் என்ன பருமன், உருண்டையா, நீள்வட்டமா, கோலா, தட்டா என்று கேட்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி.

இது வெறும் ஆராய்ச்சி ஆர்வத்தால் கேட்கப்படுவதன்று. மருந்தைச் சுமந்து இரத்தத்தில் செல்லுமாறு செய்யப்பட்ட துகள் சுமார் 6 நானோமீட்டருக்கும் சிறியதாக இருந்தால் சிறுநீரகம் அதை வடித்து வெளியே அனுப்பிவிடும். விறைப்பான துகள் 200 நானோமீட்டரைத் தாண்டினால் மண்ணீரலின் சல்லடையில் சிக்கிக்கொள்ளும். வடிவத்தின் பங்கும் குறைந்ததன்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் டிஷர் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பலபடிகளாலான மெல்லிய, நீண்ட இழைகள் எலி இனங்களின் இரத்தவோட்டத்தில் ஒரு வாரம் வரை நிலைத்தன. அதே வகைப் பொருளாலான உருண்டைகளைவிட அது ஏறத்தாழப் பத்து மடங்கு நீண்ட காலம். அதற்கு முந்தைய ஆண்டு, கலிபோர்னியாவில் ஜூலி சாம்பியனும் சமீர் மித்ரகோத்ரியும் மைக்ரோமீட்டர் அளவிலான துகள்களைக் கொண்டு காட்டியது இன்னும் வியப்பானது. நீள்வட்டத் தட்டு போன்ற துகளை அதன் கூரிய முனையில் தொட்ட விழுங்கு செல் சில நிமிடங்களில் அதை விழுங்கிவிட்டது. அதே துகளின் தட்டையான பக்கத்தைத் தொட்ட செல்லோ பல மணி நேரம் அதன்மேல் படர்ந்து கிடந்ததேயன்றி விழுங்கவில்லை. பருமன், வேதியியல், மேற்பரப்பு எல்லாம் ஒன்றாக இருந்தும் தொட்ட இடத்தின் வளைவு மட்டுமே விளைவை மாற்றியது.

மேசைமீது சிந்திய காப்பித் துளி காய்ந்ததும் ஓரத்தில் கறுத்த வளையம் விழுவதற்கும் துகளின் வடிவமே ஒரு காரணம் என்பது 2011இல் தெரியவந்தது. உருண்டைத் துகள்கள் நீரோட்டத்தால் துளியின் விளிம்புக்கு அடித்துச் செல்லப்பட்டு அங்கே குவிகின்றன. அவற்றை இழுத்து நீட்டி நீள்வட்டமாக்கினால், அவை நீரின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விளிம்புக்குப் போகாமல் பரவலாகப் படிகின்றன. சீராகப் பரவவேண்டிய பூச்சுக்கும் அச்சு மைக்கும் இது எத்தகைய செய்தி என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அளக்க வேண்டும். ஆனால் எதைக் கொண்டு அளப்பது? கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பயன்படுத்தும் சாதாரண நுண்ணோக்கி, அவ்வொளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் சிறிய பொருளின் உருவத்தைத் தெளிவாகக் காட்டாது. 200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாத் துகளும் அதற்கு ஒரு மங்கலான புள்ளிதான். நேரே பார்க்க இயலாத ஒன்றை அதன் நடத்தையைக் கொண்டு மதிப்பிடுவதே எஞ்சிய வழி. அந்த வழியைத் திறந்தது, இன்று நாட்டு மருந்துக் கடைகளில் ரேவல்சின்னிப்பால் என்று கிடைக்கும் மஞ்சள் பிசின்.

1827இல் ராபர்ட் பிரௌன் என்ற தாவரவியலாளர், மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் நீரில் ஓயாமல் துடிப்பதை நுண்ணோக்கியில் கண்டார். அது உயிரின் துடிப்பன்று. நீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் மோதுவதால் விளையும் தள்ளாட்டம். 1905இல் ஐன்ஸ்டைன், இத்தள்ளாட்டத்தின் வேகத்தைத் துகளின் ஆரத்தோடும், நீரின் வெப்பநிலையோடும், பாகுநிலை எனப்படும் அதன் கெட்டித்தன்மையோடும் இணைக்கும் சமன்பாட்டைத் தந்தார். அதே ஆண்டில் மெல்போர்னில் வில்லியம் சதர்லாந்தும் அதே முடிவை எட்டியிருந்தார் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சமன்பாட்டின் சாரம் எளிது: துகள் பெரிதானால் தள்ளாட்டம் மெதுவாகும், ஆரம் இருமடங்கானால் விரவும் வேகம் பாதியாகும்.

இதைச் சோதிக்க, அளவு தெரிந்த, ஒரே பருமனான துகள்கள் தேவைப்பட்டன. பாரிஸில் ழான் பெரின், 1908ஐ ஒட்டிய ஆண்டுகளில், அந்த மஞ்சள் பிசினைச் சவர்க்காரம் தேய்ப்பதுபோல் கையால் நீரில் தேய்த்துக் கரைத்து, விளைந்த மஞ்சள் பாலை மையவிலக்குக் கருவியில் மீண்டும் மீண்டும் சுழற்றி, பெரியவற்றையும் சிறியவற்றையும் ஒதுக்கி, ஒரே பருமனான மணிகளைப் பிரித்தெடுத்தார். ஒரு கிலோ பிசினிலிருந்து, பல மாத உழைப்புக்குப் பின் அவருக்குக் கிடைத்தது சில நூறு மில்லிகிராம் மட்டுமே. அவருடைய மணி வகைகளுள் புகழ்பெற்ற ஒன்றின் ஆரம் 0.212 மைக்ரோமீட்டர், அதாவது 212 நானோமீட்டர். இன்றைய ஆய்வாளரும் கற்க வேண்டியது அந்த எண்ணையன்று, அதை அவர் பெற்ற விதத்தை. நீர் வற்றும்போது மணிகள் தாமாக வரிசைகட்டி ஒட்டி நிற்பதைக் கண்டு, ஒரு வரிசையின் நீளத்தை மணிகளின் எண்ணிக்கையால் வகுத்து ஒரு விடை பெற்றார். எடை தெரிந்த கலவையில் உள்ள மணிகளை எண்ணி ஒவ்வொன்றின் எடையையும் கண்டு இன்னொரு விடை பெற்றார். மணிகள் நீரில் மூழ்கும் வேகத்தைக் கொண்டு மூன்றாவது விடை பெற்றார். மூன்றும் ஒத்துப்போன பிறகே எண்ணை நம்பினார். அணுக்கள் மெய்யாகவே உள்ளன என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவிய அப்பணிக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய ஆய்வகங்களில் மிகப் பரவலாக உள்ள இயங்குநிலை ஒளிச்சிதறல் என்ற முறை, ஐன்ஸ்டைன் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துவதுதான். விரல் பருமனுள்ள சதுரக் குப்பியில் நீர்த்த கலவையை ஊற்றி, பல கருவிகளில் 633 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரை அதனூடே செலுத்துவார்கள். துகள்கள் சிதறடித்த ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து, ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் அழிந்தும் மினுமினுக்கும். துகள்கள் நகர நகர அந்த மினுமினுப்பும் மாறும். சிறு துகள் விரைந்து நகர்வதால் மினுமினுப்பு விரைவில் தன் பழைய நிலையை மறந்துவிடும். பெரிய துகளுக்கு மறதி மெதுவாக வரும். அந்த மறதியின் வேகத்தைக் கணினி கணக்கிட்டு ஆரமாக மாற்றுகிறது. 25 பாகை செல்சியஸ் நீரில் 100 நானோமீட்டர் குறுக்களவுள்ள துகள், ஒரு திசையில் தன் குறுக்களவுக்குச் சமமான தொலைவை நகர ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி எடுத்துக்கொள்கிறது என்பதிலிருந்து, கருவி எவ்வளவு விரைவான மாற்றங்களைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

சில நிமிடங்களில் எண் வந்துவிடும். அந்த எளிமையே இம்முறையின் வலிமை, அதுவே அதன் ஆபத்தும். நீரின் பாகுநிலை வெப்பநிலையோடு விரைந்து மாறுவதால், குப்பியின் வெப்பம் ஒரு பாகை பிசகினால் விடை இரண்டு சதவீதத்துக்கு மேல் பிசகும். அயனிகளே இல்லாத தூய நீரில் கலந்தால், துகளின் மின்னூட்டம் சுற்றுநீரையும் தன்னோடு இழுத்துக்கொள்வதால் அது மெதுவாக நகர்ந்து, உண்மையைவிடப் பெரிதாகத் தோன்றும். பாலிஸ்டைரீன் மணிகளை அளக்கும்போது நீரில் ஒரு சிட்டிகை உப்பு சேர்ப்பது இதனால்தான். இவற்றைவிடப் பெரிய சிக்கல் தூசி. அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள் சிதறடிக்கும் ஒளி அதன் குறுக்களவின் ஆறாம் அடுக்கில் உயர்கிறது. அதாவது 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சம் சேர்ந்து சிதறடிக்கும் ஒளியைத் தனித்தே சிதறடிக்கும். குப்பியில் மிதக்கும் ஒரு தூசி, பல கோடிச் சிறு துகள்களின் குரலை அமுக்கிவிடப் போதுமானது. கருவி தரும் சராசரியும் தலைக்கு ஓர் ஓட்டு என்ற கணக்கில் வருவதன்று. பெரியவர்களுக்குப் பெருத்த வாக்குரிமை உள்ள சராசரி. துகள்களின் அளவு எவ்வளவு கலப்படமானது என்பதைச் சொல்லப் பரவல் குறியீடு என்ற துணை எண் ஒன்று உண்டு, அது 0.1க்குக் கீழே இருந்தால் துகள்கள் ஏறத்தாழ ஒரே அளவு, 0.7ஐத் தாண்டினால் அந்த மாதிரி இம்முறைக்கே பொருந்தாது.

வடிவத்தைப் பற்றி இக்கருவி அநேகமாக வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு துகளும் உருண்டை என்று கொண்டு, அதே வேகத்தில் தள்ளாடும் உருண்டையின் குறுக்களவையே அது சொல்கிறது. நீள்வட்டத் துகள்கள் நீரில் படும் உராய்வை 1930களில் கணக்கிட்டவர் ழான் பெரினின் மகன் பிரான்சிஸ் பெரின். அக்கணக்கின்படி, ஏறத்தாழ 292 நானோமீட்டர் நீளமும் 58 நானோமீட்டர் பருமனும் கொண்ட, கோதுமை மணி போன்ற துகளை இக்கருவியில் வைத்தால் திரையில் வரும் எண் 125 நானோமீட்டராக இருக்கும். அத்துகளின் எந்தப் பக்கத்தை அளந்தாலும் 125 கிடைக்காது. ஆயினும் கருவி பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறது. வடிவத்தை ஒளியாலேயே ஓரளவு அறிய விரும்புவோர், சிதறலின் செறிவு கோணத்துக்குக் கோணம் மாறுவதை அளந்து, துகளின் பொருண்மை அதன் மையத்திலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் இன்னோர் ஆரத்தைப் பெற்று, அதைத் தள்ளாட்டத்தால் வந்த ஆரத்தால் வகுக்கிறார்கள். விடை 0.775ஐ ஒட்டியிருந்தால் திண்மையான உருண்டை, 1ஐ நெருங்கினால் உள்ளே வெற்றிடமுள்ள கூடு, 1.5ஐ ஒட்டினால் தளர்ந்து சுருண்ட சங்கிலி. படமே எடுக்காமல் உருவத்தை ஊகிக்கும் இந்த வகுத்தல், இத்துறையின் மிக நேர்த்தியான உத்திகளுள் ஒன்று.

கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்போருக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கிறது. 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் உருவாக்கிய இக்கருவி, ஒளிக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்துவதால் நானோமீட்டர் அளவையும் பிரித்துக் காட்டும். மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தாமிர வலைத்தட்டின்மேல் ஒரு துளியை வைத்துக் காயவிட்டு, காற்று உறிஞ்சப்பட்ட அறைக்குள் செலுத்துவார்கள். சிக்கல் அந்தக் காயவிடுதலிலேயே தொடங்குகிறது. பாலிஸ்டைரீன் அறை வெப்பநிலையில் கண்ணாடிபோல் விறைப்பானதால் மணி மணியாகவே நிற்கும். பசைக்கும் பெயின்டுக்கும் பயன்படும் மென்மையான பலபடிகளோ தட்டின்மேல் தோசை மாவுபோல் பரவிவிடும். பலபடிகள் பெரும்பாலும் கார்பன், ஹைட்ரஜன் போன்ற இலேசான தனிமங்களால் ஆனவையாதலால் எலக்ட்ரான் கற்றைக்கு அவை அநேகமாகத் தெரிவதில்லை. யுரேனியம், ஆஸ்மியம் போன்ற கன தனிமங்களின் சேர்மங்களால் சாயமேற்றினால்தான் உருவம் எடுப்பாகத் தெரியும். அக்ரிலிக் கண்ணாடிக்கு உரிய பலபடி போன்ற சில, கற்றை பட்டவுடன் சங்கிலி அறுபட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கும்.

நீரை உறிஞ்சி உப்பும் துகள்களில் இது இன்னும் மோசம். 32 பாகைக்குக் கீழே நீரில் ஊறிப் பெருத்து, அதற்கு மேலே நீரை உமிழ்ந்து சுருங்கும் ஒருவகைப் பலபடிக் கூழ்த்துகள்கள் ஆய்வகங்களில் மிகவும் பழக்கமானவை. அவற்றின் அளவு என்ன என்று கேட்பவரிடம், எந்த வெப்பநிலையில் என்றும், ஈரமாகவா காய்ந்தா என்றும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். இதற்கு ஒரு நல்ல மாற்று, துளியை மெல்லிய படலமாக்கித் திரவ ஈத்தேனில் சட்டென்று முக்கி, பனிப்படிகம் உருவாக இடமே தராமல் நீரைக் கண்ணாடியாக உறையவைத்து, துகளை அது மிதந்த நிலையிலேயே பார்ப்பது. 1980களில் ழாக் டுபோஷே வளர்த்தெடுத்த இந்த உத்தி அவருக்கு 2017இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது.

படம் கிடைத்தபின் அளவெடுப்பது கணினியின் வேலை. ஒவ்வொரு துகளின் நிழலுக்கும் பரப்பளவு, நீளம், அகலம், வட்டத்தன்மை ஆகியவை கணக்கிடப்படும். வட்டத்தன்மை என்பது பரப்பளவைச் சுற்றளவின் வர்க்கத்தோடு ஒப்பிட்டுப் பெறும் எண், முழு வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.785. ஆனால் ஓர் ஆய்வாளர் பொறுமையாக 500 துகள்களை அளந்தாலும், ஒரு சொட்டில் இருந்த பல்லாயிரம் கோடித் துகள்களுக்கு அந்த 500 எவ்வளவு நேர்மையான பிரதிநிதிகள் என்பது வேறு கேள்வி. அழகான மணிகள் தெரியும் மூலையைத் தேடிப் படமெடுத்து, ஒட்டிக் கட்டியானவற்றை ஒதுக்கிவிடும் பழக்கம் மனித இயல்பு. வெளியாகும் படங்களில் துகள்கள் பெரும்பாலும் உண்மையைவிட ஒழுங்காக இருப்பதற்கு அதுவே காரணம் என்று சொன்னால் மிகையாகாது. மேற்பரப்பை ஊசிமுனையால் தடவி உருவம் வரையும் அணுவிசை நுண்ணோக்கியிலும் ஒரு சூது உண்டு: முனைக்கே ஒரு பருமன் இருப்பதால் துகளின் அகலம் மிகைப்படும், உயரம் மட்டுமே நம்பத்தக்கது. இவை தவிர, மையவிலக்கில் படியும் வேகத்தைக் கொண்டும், எக்ஸ் கதிர்ச் சிதறலைக் கொண்டும், ஒவ்வொரு துகளின் தள்ளாட்டத்தையும் தனித்தனியே காணொலியில் பின்தொடர்ந்தும் அளக்கும் முறைகள் உள்ளன.

இத்தனை கருவிகளும் தத்தம் விடையைச் சரிபார்க்க, அளவு தெரிந்த உரைகல் ஒன்று வேண்டும். அமெரிக்காவின் டௌ நிறுவனம் தயாரித்த பாலிஸ்டைரீன் பாலில் வியக்கத்தக்க வகையில் ஒரே அளவான மணிகள் இருப்பது 1940களின் இறுதியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரியவந்தது முதல், பெரின் மாதக்கணக்கில் பிரித்தெடுத்ததை வேதியியலே நேரடியாகச் செய்துதரத் தொடங்கியது. முடக்குவாதத்தைக் கண்டறிய 1956இல் சிங்கரும் பிளாட்ஸும் வகுத்த இரத்தப் பரிசோதனை இத்தகைய மணிகள் ஒட்டித் திரள்வதைப் பார்த்துச் சொல்வதுதான். ஆனால் 10 மைக்ரோமீட்டர் போன்ற பெரிய மணிகள் பூமியில் எளிதில் அமையவில்லை. வளரும் நிலையில் நீரைவிட இலேசாக இருந்து மிதந்தும், முற்றியபின் கனத்து மூழ்கியும் அவை ஒன்றோடொன்று ஒட்டின. கலக்கினாலும் ஒட்டின. லீஹை பல்கலைக்கழகத்தின் ஜான் வாண்டர்ஹாஃப் குழுவினர் இதை விண்வெளிக்கே கொண்டுசென்றார்கள்; 1983 ஏப்ரலில் சேலஞ்சர் ஓடத்தில், எடையற்ற நிலையில் வளர்ந்த 9.89 மைக்ரோமீட்டர் மணிகள், 1985இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தால் விற்பனைக்கு வந்து, விண்வெளியில் தயாராகி விலைக்கு வந்த முதற்பொருளாயின. நானோ அளவுக்கு அதே நிறுவனம் வெளியிட்ட மணியின் சான்றிதழ் எண் 100.7 நானோமீட்டர், கூட்டியோ குறைத்தோ 1 நானோமீட்டர். நீரிலிருந்து தெளித்து உலர்த்தி, மின்னூட்டி, காற்றில் அது மின்புலத்தால் நகரும் வேகத்தைக் கொண்டு பெற்ற எண் அது.

எந்த அளவு என்ற கேள்வி ஆய்வகத்தோடு நிற்பதில்லை. ஐரோப்பிய ஆணையம் 2011இல் வகுத்து 2022இல் திருத்திய இலக்கணத்தின்படி, எண்ணிக்கையில் பாதியோ அதற்கு மேலோ துகள்கள் 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருந்தால் அப்பொருள் நானோப்பொருள் என்று கொள்ளப்படுகிறது. 50 நானோமீட்டர் துகள்கள் அறுபதுக்கு 500 நானோமீட்டர் துகள்கள் நாற்பது என்ற கணக்கில் கலந்த ஒரு புட்டியை எடுத்துக்கொண்டால், எண்ணிக்கையில் நானோதுகள்கள் 60 சதவீதம். எடையில் அவை 0.15 சதவீதம் மட்டுமே. ஒளிச்சிதறல் கருவியில் மட்டும் வைத்துப் பார்த்தவருக்கு 500 நானோமீட்டர் துகள்களைத் தவிர வேறெதுவும் தென்படாது. அதில் நானோப்பொருளே இல்லை என்று அவர் சான்றெழுதியும் கொடுக்கலாம். இலக்கணத்தின்படி அந்தப் புட்டியில் இருப்பது நானோப்பொருள்தான்.